கேட்காமல் வரும் கிண்ணம்: ஜப்பானிய இஸகாயாவில் சாப்பிடுவது எப்படி

இஸகாயா என்ற ஜப்பானிய மதுக்கடையில் உட்கார்ந்ததும் ஈரத் துண்டு ஒன்று கைக்கு வரும். குடிக்க என்ன வேண்டும் என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டு மெனுவைப் பிரிப்பதற்குள், யாரும் கேட்காத ஒரு குட்டிக் கிண்ணம் ஆளுக்கொன்றாக மேசைக்கு வந்துவிடும். உள்ளே இரண்டு கரண்டி உருளைக்கிழங்கு சாலட் இருக்கலாம். சோயாவில் வேகவைத்த முள்ளங்கித் துண்டு, கணவாய், கடற்பாசி என்று எதுவாகவும் இருக்கலாம். இலவசம் போலிருக்கிறது என்று காலி செய்துவிட்டால், கடைசியில் பில்லில் தலைக்கு 300 முதல் 500 யென் வரை ஏறியிருக்கும். டோக்கியோ இஸகாயாக்களைப் பற்றி வெளிநாட்டுப் பயணிகள் இணையத்தில் கொட்டும் ஆத்திரத்தில் அடிக்கடி அடிபடுவது இந்தக் கிண்ணம்தான்.

இதற்கு ஒட்டோஷி என்று பெயர். ஒசாகா, கியோட்டோ பக்கம் ட்சுகிதாஷி என்பார்கள். இருக்கைக்கான கட்டணத்தை ஒரு வாய் உணவோடு சேர்த்து வாங்கும் பழக்கம் இது. அடுப்பிலிருந்து முதல் தட்டு வர எப்படியும் பத்து நிமிடம் ஆகும். அதுவரை வெறும் வயிற்றில் பீர் இறங்க வேண்டாமே என்ற அக்கறையும் இதில் உண்டு. வேண்டாம் என்றால் சில கடைகள் எடுத்துக்கொண்டு போய்விடும். பல கடைகளில் அது நடக்காது; கிண்ணத்தைத் தொடாமல் வைத்தாலும் காசு காசுதான். ஒவ்வாமை இருந்தால் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் வேறொன்றை மாற்றித் தருவார்கள். ஒட்டோஷியே வேண்டாம் என்பவர்களுக்கு டோரிகிசோகு மாதிரியான செயின் கடைகள் இருக்கின்றன. அங்கே சாப்பாடு, குடி எல்லாவற்றுக்கும் ஒரே விலை, கிண்ணம் வராது.

ஆனால் நல்ல தனிக்கடையில் ஒட்டோஷியை வைத்தே சமையல்காரரை எடை போடலாம். அன்று சந்தையில் கிடைத்ததை வைத்து அவர் மதியமே செய்து வைத்தது அது. பாக்கெட்டிலிருந்து கொட்டிய சோளப்பொரி வந்தால் சாப்பாட்டை இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டு கிளம்பலாம். கடுகுக் கீரையை எள்ளோடு பிசைந்து குளிரக் குளிர வைத்திருந்தால், அன்று இரவு வேறு கடை தேட வேண்டியதில்லை.

இஸகாயாவில் வெளிநாட்டவர் மாட்டிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. அதை ஹோட்டல் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அது குடிக்கும் இடம். எடோ காலத்தில் (1603–1868) அளந்து விற்கும் சாராயக் கடைகளில், வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே உட்கார்ந்து குடித்தவர்களுக்காகத் தொட்டுக்கொள்ள ஏதாவது வைக்கத் தொடங்கியதில் முளைத்த தொழில் இது. 1856இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் காகியா என்ற மதுக்கடையின் கட்டடத்தை, உள்ளே இருந்த அலமாரி, பலகையோடு கொகானெயில் உள்ள எடோ-டோக்கியோ திறந்தவெளிக் கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கே போனால் குடிக்க எதுவும் கிடைக்காது. ஆனால் இந்தத் தொழிலின் அமைப்பு கண்ணுக்குப் பிடிபடும். பலகையும் புட்டியும் முன்னால், அடுப்பு ஓர் ஓரமாக.

இன்றும் கணக்கு அதேதான். சரக்கு முதலில், சாப்பாடு அதற்குச் சைடிஷ். சின்னக் கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரலாம். ஒரு பீரை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் அந்த இடம் அன்றைக்குப் போனதுதான். அதனால்தான் கிண்ணத்துக்குக் காசு, ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும் என்ற எழுதாத விதி, கூட்ட நாளில் இரண்டு மணி நேரக் கெடு. நான்கு பேர் போய் இரண்டு பானம் சொல்லிப் பகிர்ந்துகொள்வது அங்கே நாகரிகமில்லை. குடிக்காதவர்கள் ஊலோங் தேநீரோ ஜிஞ்சர் ஏல் சோடாவோ சொன்னால் போதும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வாசலில்

சிவப்புக் காகித விளக்கு எரிந்து, கதவுக்கு முன் நோரென் என்ற துணித் திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது. திரை உள்ளே மடித்து வைக்கப்பட்டிருந்தால், விளக்கு எரிந்தாலும் உள்ளே ஆள் தெரிந்தாலும் இன்னும் திறக்கவில்லை, அல்லது மூடிவிட்டார்கள். பெரும்பாலான கடைகள் மாலை 5 மணிக்குத் திறக்கும். 5 முதல் 6 வரை முன்பதிவில்லாமல் எளிதில் இடம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை இரவு 7 மணிக்கு நான்கு பேராகப் போய் நின்றால், கடைக்காரர் இரண்டு முன்கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டுவார். இடமில்லை என்று பொருள். அலுவலகப் பகுதிகளில் ஞாயிறன்று பல கடைகள் மூடியிருக்கும்.

உள்ளே நுழைந்தவுடன் நேராகப் போய் உட்காரக்கூடாது. வாசலிலேயே நின்று எத்தனை பேர் என்று விரலால் காட்டினால் போதும். தனியாகவோ இருவராகவோ போனால் கவுண்டர் கிடைக்கும், இஸகாயாவில் ஆகச் சிறந்த இடம் அதுதான். டாட்டாமி பாய் போட்ட மேடையில் இடம் தந்தால் காலணியைக் கழற்ற வேண்டும். சில கடைகளில் மரச்சாவியோடு செருப்புப் பெட்டி இருக்கும். முட்டி வலிக்காரர்கள் ஹோரிகோட்டாட்சு இருக்கிறதா என்று கேட்கலாம். மேசைக்கு அடியில் பள்ளம் இருப்பதால் நாற்காலியில் உட்கார்வதுபோல் காலைத் தொங்கப் போடலாம். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு கிடக்கும். அதைப் போட்டுக்கொண்டே பாய்க்குத் திரும்பி வருவதுதான் அடிக்கடி நடக்கும் கூத்து.

குழந்தைகளோடு போகிறவர்கள் கதவில் ஒட்டியிருக்கும் புகை அறிவிப்பைக் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் உணவகங்களுக்குள் புகைப்பது பொதுவாகத் தடை. ஆனால் 100 சதுர மீட்டருக்கு உட்பட்ட, குறைந்த முதலீட்டுப் பழைய கடைகளுக்கு விலக்கு உண்டு. டோக்கியோவில் வேலையாட்கள் இல்லாத குடும்பக் கடையாகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கடையில் புகைக்கலாம் என்று பலகை இருந்தால், 20 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விட முடியாது. வெளிநாட்டுக் குடும்பம் என்பதால் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சிலர் வருத்தப்படுவதற்குப் பின்னால் பல நேரம் இந்தச் சட்டம்தான் இருக்கும். மது வாங்கும் வயதும் 20தான். 2022இல் வயதுவந்தோர் வயதை 18 ஆக்கியபோது இதை மட்டும் மாற்றவில்லை.

இன்னொன்று. தெருவில் ஆள் வந்து கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டால் போகாதீர்கள். டோக்கியோவின் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவில் இப்படி ஆள் பிடிப்பவர்களைப் பின்தொடர வேண்டாம் என்று ஒலிபெருக்கியிலேயே எச்சரிக்கிறார்கள். இரண்டு மணி நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், 1,000 யென்தான் என்று அழைத்துப்போய், வார இறுதிக் கட்டணம், மேசைக் கட்டணம், மூன்று வகை ஒட்டோஷி என்று அடுக்குவார்கள். 400 யென் கிண்ணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மெனுவில் விலை இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் சுவரில் மீனின் பெயருக்குக் கீழே ஜிகா என்று எழுதியிருந்தால் அன்றைய சந்தை விலை. நல்ல கடைகளிலும் அப்படி எழுதுவதுண்டு. ஆர்டர் சொல்லுமுன் "இகுரா தேசு கா" என்று கேட்டால் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள்.

முதல் பத்து நிமிடம்

பானத்தை முதலில் சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும். மெனுவை முழுக்கப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று பணியாளரைத் திருப்பி அனுப்புவது அந்த இடத்தின் தாளத்தைக் குலைக்கும். ஜப்பானியர்கள் "தோரியாயெசு நாமா" என்று சொல்லிவிடுவார்கள். இப்போதைக்கு டிராஃப்ட் பீர், மற்றதை அப்புறம் பார்ப்போம். எல்லார் கைக்கும் கோப்பை வந்த பிறகு "கம்பாய்", அதற்கு முன் வாய் வைக்கக்கூடாது. புட்டி பீர் என்றால் பக்கத்தில் இருப்பவர் கோப்பையை நீங்கள் நிரப்ப வேண்டும், உங்களுடையதை அவர் நிரப்புவார்.

மது அருந்தாதவர்கள் ஒரு பெயரில் ஏமாறுகிறார்கள். ஊலோங்சா என்பது வெறும் தேநீர். ஊலோங்ஹாய் என்பது அதே தேநீரில் ஷோச்சூ என்ற வடித்த சரக்கு கலந்தது. நிறம் ஒன்று, கோப்பை ஒன்று, தமிழ்க் காதுக்கு ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று. பெயர் ஹாய் என்றோ, சாவர் என்றோ முடிந்தால் உள்ளே மது இருக்கிறது. லெமன் சாவர், கல்பிஸ் சாவர் என்று குழந்தைகளுக்கான சோடா போலப் பெயர் வைத்திருப்பார்கள். ஷோச்சூ 25 சதவீதச் சரக்கு. தண்ணீர் இலவசம், "ஓஹியா" என்று கேட்டால் வரும்.

பழைய கடைகளில் ஹோப்பி சொல்லிப் பாருங்கள். 1948இல் வந்த, 0.8 சதவீதம் மட்டுமே மது உள்ள பீர் போன்ற பானம். பீர் எட்டாத விலையில் இருந்த காலத்தில் ஷோச்சூவில் கலந்து குடிக்கப் பயன்பட்டது. ஒரு கோப்பையில் ஐஸும் ஷோச்சூவும், பக்கத்தில் ஹோப்பி புட்டியும் வரும். பாதி ஊற்றிக் குடித்துவிட்டு, ஷோச்சூ மட்டும் இன்னொரு முறை வேண்டுமென்றால் "நாகா", புட்டி மட்டும் வேண்டுமென்றால் "சோத்தோ". ஒரு புட்டிக்கு இரண்டு மூன்று நாகா வரும். சில கடைகளில் நாகாவைத் தாராளமாக ஊற்றுவார்கள். மூன்றாவது முறை எழுந்திருக்கும்போதுதான் தெரியும்.

அரிசி மதுவான சாக்கேயை கோ என்ற அளவில் தருவார்கள். ஒரு கோ 180 மில்லி. 15, 16 சதவீதம் என்பதால் ஒரு கோவும் 500 மில்லி பீரும் போதையில் ஏறக்குறைய சமம். சூடாக வேண்டுமென்றால் 40 டிகிரி அளவில் நுருகான், 50 டிகிரியில் அட்சுகான். கண்ணாடிக் கோப்பையை மரப்பெட்டிக்குள் வைத்து வழிய வழிய ஊற்றும் மொக்கிரி முறையைப் பார்த்துப் பலர் கையை நீட்டித் தூக்கிச் சட்டையில் கொட்டிக்கொள்கிறார்கள். முதல் மிடறைத் தூக்காமல், குனிந்து உறிஞ்ச வேண்டும். மட்டம் இறங்கியதும் கோப்பையை எடுத்து, அடிப்பக்கத்தை ஈரத் துண்டில் ஒற்றி, பெட்டியில் வழிந்ததைக் கடைசியில் கோப்பைக்கு மாற்றிக்கொள்ளலாம். வழிந்ததும் நீங்கள் காசு கொடுத்த சாக்கேதான்.

நோமிஹோதாய், அதாவது குறித்த நேரத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கும் திட்டம், கணக்குப் போட்டுவிட்டு எடுக்க வேண்டிய ஒன்று. 90 அல்லது 120 நிமிடம். மேசையில் இருக்கும் அனைவரும் சேர வேண்டும், குடிக்காதவர்கள் உட்பட. காலிக் கோப்பையைக் கொடுத்தால்தான் அடுத்தது வரும். கடைசி ஆர்டரை நேரம் முடிவதற்கு 30 நிமிடம் முன்பே வாங்கிவிடுவார்கள், அதனால் 90 நிமிடம் என்பது உண்மையில் 60 நிமிடம். தலைக்கு 2,000 யென் என்றால் ஆளுக்கு நான்கு கோப்பை தாண்டினால்தான் கட்டும்.

அடுப்பின் வேகத்துக்கு ஆர்டர்

சாப்பாடு சூப், பிறகு ஸ்டார்டர், பிறகு மெயின் என்ற வரிசையில் வராது. எது தயாரோ அது வரும், எல்லாம் நடுவில் வைத்துப் பகிர்வதற்கு. ஆளுக்கொரு தட்டு என்று சொன்னால் மேசை நிறைந்து, பாதி ஆறிப்போகும். இரண்டு பேருக்கு முதல் சுற்றில் நான்கு தட்டு போதும். பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பல மெனுக்களில் ஸ்பீட் மெனு என்று ஒரு பகுதியே இருக்கும்: பச்சைச் சோயாக் காயான எடமாமே, குளிர்ந்த தோஃபுவான ஹியாயாக்கோ, வெள்ளரிக்காய்க்கு மிசோ என்ற சோயா விழுது தொட்டுக்கொள்ளும் மொரோக்யூ, வாசாபியில் பிசைந்த ஆக்டோபஸ். இவை சமைக்க வேண்டாதவை, மூன்று நிமிடத்தில் வரும். சுட்ட பண்டங்களுக்கு 10 முதல் 20 நிமிடம் ஆகும். ஆகவே முதல் பானத்தோடு சேர்த்தே ஸ்பீட் மெனுவில் இரண்டு, சுடுவதில் ஒரு சுற்று என்று சொல்லிவிட வேண்டும். எடமாமே தீரும்போது, குச்சியில் கோத்துச் சுட்ட கோழியான யாகிட்டோரி வந்து இறங்கும். யாகிட்டோரியை முதல் பீர் முடிந்த பிறகு சொல்பவர்கள்தான் பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கவுண்டரில் இடம் கிடைத்தால் அந்த அடுப்பைக் கவனியுங்கள். நீளமான, குறுகிய பெட்டி. குச்சியின் பிடி நெருப்புக்கு வெளியே நிற்கும் அளவுக்குத்தான் அகலம். நல்ல கடையில் எரிவது பிஞ்சோட்டான், வாகயாமா மாநிலத்தின் ஓக் மரக் கரி. பற்ற நேரம் எடுக்கும், பற்றிவிட்டால் சுவாலையும் புகையும் இல்லாமல் மணிக்கணக்கில் கனன்று எரியும். கடையில் எழும் புகை கரியிலிருந்து வருவதில்லை, கோழிக் கொழுப்பு சொட்டி எழுவது. இறைச்சிக்கு வாசனை தருவது அந்தப் புகைதான். கொழுப்பில் தீப்பிடித்தால் கரிந்துவிடும் என்பதால் ஒரு கையில் விசிறி, ஒரு கையில் குச்சி. உப்பை ஓரடி உயரத்திலிருந்து தூவுவார்கள், ஓரிடத்தில் குவியாமல் விழ. சாஸ் பானையில் குச்சியோடு முக்கி மறுபடி நெருப்பில் வைப்பார்கள். அந்தப் பானையைக் காலி செய்யாமல் மேலே மேலே ஊற்றி நிரப்புவதுதான் வழக்கம்.

ஒவ்வொரு குச்சிக்கும் ஷியோவா தாரேயா என்று கேட்பார்கள். உப்பா, இனிப்புச் சோயாச் சாஸா. தெரியாவிட்டால் "ஒமாகாசே" என்று விட்டுவிடலாம். தொடையும் வெங்காயத்தாளும் கோத்த நேகிமா எப்படியும் நன்றாக இருக்கும். சுனாகிமோ என்ற மொறுமொறுப்பான இரைப்பையைப் பயப்படாமல் சொல்லலாம், உப்புக்கு அது. ஈரலுக்குத் தாரே. தோலான காவா சரியாகச் சுட அதிக நேரம் எடுக்கும். அவசரக் கடையில் அது ரப்பராக வரும். ட்சுகுனே என்ற கொத்துக்கறி உருண்டைக்குப் பச்சை மஞ்சள் கரு தொட்டுக்கொள்ளத் தருவார்கள். சில கடைகளில் ஒரு வகையில் இரண்டு குச்சிக்குக் குறைவாக வாங்க முடியாது. சாப்பிட்ட குச்சியைப் போட மேசையில் ஒரு மூங்கில் குழாய் இருக்கும்.

லேசாகச் சூடு காட்டிய கோழியான டோரிவாசா, பச்சைக் கோழித் துண்டுகள் ஆகியவற்றை விட்டுவிடுவது நல்லது. பச்சை மாட்டு ஈரலை விற்பதற்கு 2012 ஜூலையிலும், பச்சைப் பன்றி இறைச்சிக்கு 2015 ஜூனிலும் தடை வந்தது. கோழிக்கு அப்படி நாடு தழுவிய தடை வரவில்லை, ஆனால் கேம்பிலோபாக்டர் கிருமியால் வயிறு கெடுவது ஜப்பானில் சாதாரணம். எவ்வளவு புதியதாக இருந்தாலும் அந்தக் கிருமி இருக்கலாம் என்பதே விஷயம்.

சுவரில் தொங்கும் காகிதச் சீட்டுகளையும் கரும்பலகையையும் படிக்க முடியாவிட்டால் கவலை வேண்டாம். அன்றைய நல்ல சரக்கு பெரும்பாலும் அச்சிட்ட மெனுவில் இருக்காது, அங்கேதான் இருக்கும். தூரிகைக் கையெழுத்தில் மொழிபெயர்ப்புச் செயலி தடுமாறும். "கியோ நோ ஓசுசுமே வா" என்று கேட்டுக் கரும்பலகையைக் காட்டினால் இன்று எது நல்லது என்று சொல்வார்கள். பெயரின் பின்பாதி சமைக்கும் விதத்தைச் சொல்லும்: யாகி என்றால் சுட்டது, ஆகே எண்ணெயில் பொரித்தது, நி வேகவைத்தது, சஷி பச்சையாக அரிந்தது. இந்த நான்கைத் தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பணியாளர் தானாக வந்து நிற்க மாட்டார். மேசையில் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், இல்லாவிட்டால் கையைத் தூக்கி "சுமிமாசென்!" என்று உரக்கக் கூப்பிடலாம். இங்கே சத்தம் மரியாதைக் குறைவு ஆகாது. மெல்லக் கூப்பிட்டால் யார் காதிலும் விழாது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், கண்டிப்பாகச் சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்களுக்கு இஸகாயா வயிறு நிறைய உதவாது. இறைச்சி வேண்டாம் என்பதை அவர்கள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். சிக்கல் டாஷியில். கட்சுவோபுஷி என்ற உலர்ந்த சூரைமீன் சீவலை ஊறவைத்த அந்தச் சாறு இல்லாத பாத்திரம் ஜப்பானியச் சமையலறையில் குறைவு. பொரித்த தோஃபுவான ஆகேதாஷி டாஷியில்தான் மிதக்கிறது. தாஷிமாகி என்ற முட்டைச் சுருளுக்குள் டாஷி. வேகவைத்த பூசணிக்காயில் டாஷி. மிசோ சூப்பில் டாஷி. குளிர்ந்த தோஃபுவின் மேல் மீன் சீவலையே தூவித் தருவார்கள். சூடான பண்டத்தின் மேல் அது நெளிந்து ஆடும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். உருளைக்கிழங்கு சாலட்டில் பன்றித் துண்டு இருக்கும். நிகு என்றால் இறைச்சிதான். ஆனால் நிகு வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஹாமும் பேக்கனும் வருவது உண்டு, ஏனென்றால் அவற்றை நிகு என்று பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

எடமாமே உப்பில் வேகவைத்தது, பிரச்சினையில்லை. குளிர்ந்த தக்காளி, "கட்சுவோபுஷி நுகி தே" என்று சொல்லி மீன் சீவல் இல்லாமல் வாங்கிய தோஃபு, இலையுதிர் காலத்தில் சுட்ட கிங்கோ கொட்டை, ஷிஷிதோ மிளகாய்க் குச்சி, ஷீட்டாக்கே காளான் குச்சி ஆகியவை கிடைக்கும். காய்க்குச்சியை எப்போதும் ஷியோவில் கேளுங்கள். தாரே பானையில் நாள் முழுக்கக் கோழிக் குச்சிகளை முக்கி எடுத்திருப்பார்கள். அடுப்பு எப்படியும் பொதுவானது, பொரிக்கும் எண்ணெயும் பொதுவானது. அது ஒத்துவராது என்றால் எடமாமேயோடும் தக்காளியோடும் நிற்க வேண்டியதுதான். ஹலால் பார்ப்பவர்கள் கவனிக்க: தாரேயிலும் வேகவைத்த பண்டங்களிலும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் சாக்கேயும் கலந்திருக்கும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் கியூ என்று தொடங்கும் பெயர்களை ஒதுக்கலாம். மோட்சு என்றால் குடல் முதலான உள்ளுறுப்பு, அது மாடாகவும் இருக்கலாம், பன்றியாகவும் இருக்கலாம். யாகிட்டோன் என்று பலகை போட்ட கடை பன்றிக் கடை.

என்ன சாப்பிட மாட்டீர்கள் என்பதை இறைச்சி, மீன், மீன் சாறு என்று பிரித்து ஜப்பானிய மொழியில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆர்டர் சொல்லும்போது நீட்டினால் நேரம் கடந்துவிட்டது. வாசலிலேயே காட்ட வேண்டும். அப்போதுதான் ஒட்டோஷியையும் மாற்ற முடியும், முடியாது என்றால் அவர்களும் நாகரிகமாகச் சொல்லிவிட முடியும்.

ஒமோய்தே யோகோச்சோ

2024இல் ஜப்பானுக்குச் சுமார் 3 கோடியே 69 லட்சம் வெளிநாட்டவர் வந்தார்கள். டோக்கியோவின் ஷிஞ்சுகு ரயில் நிலையத்தின் மேற்கு வாசல் பக்கம் இருக்கும் ஒமோய்தே யோகோச்சோ சந்துக்குள் மாலை 7 மணிக்கு நுழைந்தால் அதில் பாதிப்பேர் இங்கேதான் நிற்கிறார்களோ என்று தோன்றும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைச் சாய்க்க வேண்டிய அகலம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கள்ளச்சந்தையாகத் தொடங்கிய இடம். மாவு போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு இறுகியபோது, கட்டுப்பாட்டில் இல்லாத மாடு, பன்றியின் உள்ளுறுப்புகளை வாங்கிச் சுடத் தொடங்கினார்கள். இன்றும் பல கடைகளில் மோட்சுவே முதன்மை. 1999 நவம்பரில் தீப்பிடித்து ஒரு பகுதி எரிந்து, மறுபடி கட்டினார்கள்.

இங்கே உட்காரும் முறை வேறு. பெரும்பாலும் கவுண்டர்தான், சில கடைகளில் ஏழெட்டுப் பேர்தான் உட்கார முடியும். மூன்று பேருக்கு மேல் சேர்ந்து போனால் இடம் கிடைக்காது. பெரிய பையைக் காலடியில் கூட வைக்க முடியாது, நிலைய லாக்கரில் போட்டுவிட்டு வருவது நல்லது. கடைக்குள் கழிப்பறை இருக்காது, சந்துக்குப் பொதுவாக ஒன்று உண்டு. ஒரு பானம், குச்சிகள் ஒரு சுற்று, விருப்பமிருந்தால் மோட்சு நிகோமி என்ற குடல் குழம்பு ஒரு கிண்ணம். 40 நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். வெளியே ஆள் காத்திருக்கும்போது காலிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தால் கடைக்காரர் பேசாமலே உணர்த்திவிடுவார். அடுத்த கடையில் அடுத்த சுற்று என்று ஏறி இறங்குவதுதான் இந்தச் சந்துக்கு ஏற்றது, ஆனால் ஒவ்வொரு கடையிலும் ஒரு ஒட்டோஷி உண்டு என்பதை மறக்க வேண்டாம். சமையல்காரர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுமுன் கேளுங்கள். படம் எடுக்கக்கூடாது என்று எழுதியே வைத்திருக்கும் கடைகள் உண்டு.

நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்பவர்களுக்கு இந்தச் சந்து பொருந்தாது. யூராகுச்சோவில் ரயில் பாலத்தடிக் கடைகள் கொஞ்சம் அகலமானவை, தலைக்கு மேல் ரயில் கடக்கும் சத்தமும் சேர்ந்து வரும். இடம், விலை இரண்டும் நன்றாக அமைய வேண்டுமென்றால் பெரிய நிலையத்திலிருந்து இரண்டு மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கி, உள்ளூர்க்காரர்கள் போகும் கடையாகப் பாருங்கள். தாபேலோக் என்ற ஜப்பானிய உணவக மதிப்பீட்டுத் தளத்தில் 3.5 புள்ளி என்பதே மிக நல்ல கடை. ஐந்துக்கு மூன்றரைதானா என்று ஒதுக்கிவிட்டு, கூகுளில் 4.8 வாங்கிய கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மற்றப் பயணிகளோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

பில்

இரண்டு பேர், நடுத்தரமான தனிக்கடை, இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். ஒட்டோஷி இரண்டு 800 யென், டிராஃப்ட் பீர் இரண்டு 1,200, லெமன் சாவர் இரண்டு 900, ஐந்து குச்சிக் கலவை 1,000, மூன்று வகை சஷிமி 1,300, எடமாமே 380, கோழிப் பொரியலான காராஆகே 650, தாஷிமாகி 600, முடிப்பதற்குச் சுட்ட சோற்று உருண்டை இரண்டு 500. கூட்டினால் 7,330. மெனு விலையில் வரி சேராமல் இருந்தால் 10 சதவீதம் கூடி 8,063. வரி சேர்த்த விலையைக் காட்ட வேண்டும் என்று 2021 ஏப்ரலிலிருந்து சட்டம் இருக்கிறது, ஆனால் வரியில்லா விலையைப் பெரிய எழுத்திலும் வரியோடு கூடியதைப் பக்கத்தில் பொடி எழுத்திலும் போடுவது சட்டத்துக்கு உட்பட்டதுதான். சில செயின் கடைகளில் இரவு 10 மணிக்கு மேல் 10 சதவீதம் கூடுதல் உண்டு.

கடைசி ஆர்டர் கேட்க வந்தால் விரட்டுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அடுப்பை அணைக்கப் போகிறார்கள். வெறும் சோறோ, டாஷி அல்லது தேநீர் ஊற்றிய சோறான ஒச்சாசுகேயோ அப்போது சொல்லலாம். பிறகு இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறுக்காக வைத்துக் காட்டினாலோ, "ஓகைகேய்" என்றாலோ பில் வரும். பல கடைகளில் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வாசலருகே உள்ள கல்லாவில் கட்ட வேண்டும். ஆளாளுக்குத் தனி பில் கேட்டால் தலையைச் சொறிவார்கள். ஒருவர் கட்டிவிட்டு வெளியே வந்து பிரித்துக்கொள்ளுங்கள். சிறிய கடைகளில் கார்டு செல்லாமல் போகலாம், தலைக்கு 5,000 யென் ரொக்கம் கையில் இருக்கட்டும். டிப்ஸ் வைத்தால் மறந்துவிட்டுப் போனதாக நினைத்துத் தெருவரை ஓடிவந்து கொடுப்பார்கள். மிஞ்சியதைக் கட்டித் தரச் சொன்னால் பெரும்பாலும் மறுப்பார்கள், வீட்டில் வைத்துச் சாப்பிட்டு வயிறு கெட்டால் பழி கடைமேல் விழும் என்பதால்.

ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். அதன் பிறகு டாக்சிதான். வாடகைச் சைக்கிள் கண்ணில் பட்டாலும் தொடாதீர்கள். 2024 நவம்பர் 1 முதல், மூச்சில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராமோ அதற்கு மேலோ மது இருக்கும் நிலையில் சைக்கிள் ஓட்டினாலும் 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். சைக்கிளைக் கொடுத்தவரும், ஓட்டப் போகிறார் என்று தெரிந்தே ஊற்றிக் கொடுத்தவரும் கூடத் தப்ப முடியாது.